அப்பத்தாவுக்கு ஆப் தேவைப்படல

எங்க டீமோட ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் என்னன்னு முதல்ல சொல்லிடறேன். டீப் லேர்னிங் வச்சு கண்புரையைக் கண்டுபிடிக்கிற மொபைல் ஆப். நாலு பேர் டீம். நெட்ல கிடைச்ச ஒரு டேட்டாசெட், யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கெனவே ட்ரெயின் பண்ணி வச்ச மாடல், கடைசி லேயர் மட்டும் எங்க கைவண்ணம். அக்யூரசி 96 சதவீதம். முதல் ரிவ்யூவில் பேனல் சந்தோஷமாகத் தலையாட்டியது. 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து. இதை வாசிக்கிற உங்கள்ல பாதிப் பேர் இந்நேரம் சிரிச்சிருப்பீங்க. உங்க ப்ராஜெக்ட்டும் கிட்டத்தட்ட இதேதான்னு எனக்குத் தெரியும்.

ரிவ்யூ முடிஞ்ச அந்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமம். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து தடவித் தடவி வெங்காயம் உரிச்சுட்டு இருந்துச்சு. டெமோ காட்ட இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? போனை எடுத்து அதோட வலது கண்ணை க்ளோசப்ல ஒரு போட்டோ எடுத்தேன். ஆப் ரெண்டு செகண்ட் சுத்திட்டு, கேடராக்ட் 0.98 என்று காட்டியது.

"என்னய்யா சொல்லுது உன் போனு?"

"உனக்குக் கண்ல கேடராக்ட் இருக்காம் அப்பத்தா."

"அப்படின்னா?"

எனக்குத் தமிழ்ல சொல்ல வரல. எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். 'கண்புரை' என்ற வார்த்தையே இந்தக் கட்டுரைக்காகத்தான் கத்துக்கிட்டேன். அடுப்படியிலிருந்து சித்தி எட்டிப் பார்த்து, "பொறை விழுந்திருக்குன்னு சொல்றான் அத்தை" என்று மொழிபெயர்த்தார். அப்பத்தா வெங்காயத்தைக் கீழே வைக்காமல் சொன்னது: "அது விழுந்து ரெண்டு வருசமாச்சே. இதுக்கா காலேஜுக்கு அம்புட்டுக் காசு கட்டுறீக?"

அந்த ஒரு வரியில் எங்க ப்ராஜெக்ட் முடிஞ்சு போச்சு. பேனலில் யாருமே கேட்காத கேள்வி அது.

யோசிச்சுப் பாருங்க. கண்புரை முத்தினால் கண்ணின் கறுப்புக்குள்ளே வெள்ளையாகவே தெரியும். தெருவில் எல்லாருக்கும் தெரியும், டீக்கடைக்காரருக்குத் தெரியும், அப்பத்தாவுக்கு எல்லாரையும்விட நல்லாத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போனால் சரியாகும் என்பதும் தெரியும். அப்புறம் ஏன் ரெண்டு வருசம்?

இதுக்குப் பதில் எனக்குத் தெரியும். சொல்லத்தான் கஷ்டமா இருக்கு. போன வருஷம் பக்கத்து ஊர் ஸ்கூல்ல இலவசக் கண் சிகிச்சை முகாம்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. நான் ஸ்டடி ஹாலிடேஸ்ல வீட்டில்தான் இருந்தேன். "ஏய்யா, கூட ஒரு எட்டு வர்றியா? ஆபரேசன்னு மதுரைக்குக் கூட்டிட்டுப் போவாகளாம், தனியாப் போகப் பயமா இருக்கு"ன்னு கேட்டுச்சு. நான் "செமஸ்டர் இருக்கு அப்பத்தா, அடுத்த கேம்ப்ல பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு ரூமுக்குள்ளே போய் படிச்சேன். என்ன படிச்சேன்னு கேட்டீங்கன்னா, டிஜிட்டல் இமேஜ் ப்ராசஸிங். கார்த்திகை மாச மழையில் வாசற்படி தெரியாமல் அப்பத்தா விழுந்து மணிக்கட்டு உடைஞ்சது.

அதனால்தான் இந்தக் கட்டுரை. மதுரையில் இதே கேள்வியை ரொம்ப நாள் உட்கார்ந்து யோசிச்ச ஒரு கண் டாக்டரைப் பற்றி எழுதப் போறேன். அவர் பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், டாக்டர் கோ. வெங்கடசாமி. அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். ஆனா அவரை நமக்கு அறிமுகப்படுத்தின விதம் தப்புன்றது என் கருத்து.

ஃபர்ஸ்ட் இயர் இன்டக்‌ஷன்ல ஒரு மோட்டிவேஷன் ஸ்பீக்கர் வந்தார், ஞாபகம் இருக்கா? எல்லா காலேஜுக்கும் ஒருத்தர் வருவார். அவர் ஸ்லைடில் மூணு விஷயம்தான். வளைந்து போன விரல்கள், 58 வயசு, 11 படுக்கை. பின்னணியில் சோகமான வயலின். "இவரால் முடியும்போது உங்களால் ஏன் முடியாது?" நாம எல்லாம் கை தட்டினோம். தட்டிட்டு கேன்டீனுக்குப் போயிட்டோம். மகான்னு ஒருத்தரைச் சொல்லிட்டா ஒரு வசதி இருக்கு, நாம எதுவும் செய்ய வேண்டாம். மகான் மாதிரி செய்ய மகானால்தானே முடியும்?

அந்த ஸ்லைடில் இல்லாததைச் சொல்றேன்.

வெங்கடசாமி பிறந்தது 1918-ல், எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற கிராமத்தில். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிச்சார். பிறகு சென்னை ஸ்டான்லியில் மருத்துவம், 1944-ல் முடித்தார். சின்ன வயசுலயே சொந்தத்தில் மூணு பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்தவர். அதனால் அவர் ஆக நினைச்சது பிரசவ டாக்டராக. ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கே ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம், பிடிச்சுக்கிச்சு. 1948-ல் ராணுவத்திலிருந்து அனுப்பிட்டாங்க. விரல்கள் கோணிப் போச்சு. பிரசவம் பார்க்க அந்தக் கை ஆகாது. அப்புறம்தான் கண் மருத்துவத்துக்கு மாறினார். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் படிச்சு 1951-ல் முடித்தார். (அந்த ஆஸ்பத்திரி 1819-லிருந்து இருக்கு. 'மெட்ராஸ் ஐ'ன்னு நாம சொல்ற வியாதிக்குப் பேர் வந்ததும் அந்த ஊரால்தான்.) கோணின விரலுக்கு ஏத்த மாதிரி கருவிகளை அமைச்சுக்கிட்டு, கத்தி பிடிக்கவே திரும்பவும் பழகினார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் கண் ஆபரேஷன் செய்தவர் அவர்.

இப்போ முக்கியமான இடம். 1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவர் ஆனார். அரசு எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவர். அங்கிருந்து 58 வயதில் ரிட்டயர் ஆகும்வரை இருபது வருஷம் அரசு வேலை. கிராமம் கிராமமாகப் போய் கண் முகாம் நடத்தினார். 1973-லேயே பத்மஸ்ரீ வாங்கிட்டார். 1976-ல் மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு ஆரம்பிச்சப்போ, அவர் கையில் இருபது வருஷ ஃபீல்டு டேட்டா இருந்தது. யார் வர்றாங்க, யார் வரல, எங்கே டைம் வீணாகுது, எந்த நோயாளி ஏன் திரும்பி வரலன்னு எல்லாம் தெரிஞ்சவர். ஸ்பீக்கர் அந்த இருபது வருஷத்தை ஒரே க்ளிக்ல தாண்டிட்டார். நாம ஒரு ப்ராப்ளத்தோட எத்தனை நாள் உட்கார்றோம்? தலைப்பு சப்மிட் பண்ண எங்களுக்குக் கொடுத்தது நாலு நாள். அதில் ரெண்டு நாள் டீம் யாருன்னு சண்டை.

அப்புறம் அவர் செஞ்சது எல்லாமே நம்ம சிலபஸ்தான். இண்டஸ்ட்ரியல் என்ஜினியரிங்ல வர்ற பாட்டில்நெக், மெஷின் சும்மா நிக்கிற டைம், அதே சமாச்சாரம்.

கண்புரைக்கு மருந்து கிடையாது. கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸில் புரோட்டீன் திரிஞ்சு மங்கிடுது. அந்த லென்ஸை எடுத்துட்டு வேற வைக்கணும், வேற வழியே இல்லை. சொட்டு மருந்தில் கரைச்சிடலாம்னு யாராவது வாட்ஸப்பில் அனுப்பினா நம்பாதீங்க. ஆக, செய்யக் கையுள்ள சர்ஜன் வேணும். அவங்க எண்ணிக்கை குறைவு, ஒரு நாளைக்கு அவங்களுக்கும் அதே 24 மணி நேரம்தான். அப்படின்னா அந்த சர்ஜனோட ஒவ்வொரு நிமிஷமும் அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலைக்கே போகணும். ஆபரேஷன் தியேட்டரில் பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு மேசை. ஒரு மேசையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த ஆளைத் தயார் பண்ணி வச்சிருப்பாங்க. முதல் ஆபரேஷன் முடிஞ்சதும் சர்ஜன் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்புவார். நடுவில் காத்திருப்பு இல்லை. தையல் போடத் தேவையில்லாத சின்னக் கீறல் முறையில் ஒரு கண் சில நிமிஷத்தில் முடியும். அங்கே ஒரு சர்ஜன் வருஷத்துக்கு 2000 கண் அளவுக்குப் பார்ப்பது சாதாரணம்.

அந்தத் தயார் பண்ற வேலை, கண் அளக்கிற வேலை, நோயாளிகிட்டப் பேசுற வேலை எல்லாம் செய்றது யார்? ப்ளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பெண்கள். ரெண்டு வருஷம் அங்கேயே பயிற்சி கொடுத்து எடுத்துக்கிறாங்க. என்னைக் கேட்டால் இந்த மொத்த சிஸ்டத்தின் முதுகெலும்பு அவங்கதான். டாக்டர் கதையை எழுதுறவங்க எல்லாம் இவங்களுக்கு ஒரு பாரா கொடுத்துட்டு நகர்ந்துடறாங்க, நானும் இப்போ அதையேதான் செய்றேன். அவங்கள்ல ஒருத்தர் தன் கதையைத் தானே எழுதினா நான் முதல் ஆளா வாசிப்பேன்.

இந்த மாதிரி ஒரே சீராக, ஊருக்கு ஊர் மாறாமல் செய்யணும்ன்ற எண்ணம் அவருக்கு எதைப் பார்த்து வந்ததுன்னு தெரிஞ்சா சிரிப்பீங்க. மெக்டொனால்ட்ஸ். அமெரிக்காவில் எந்த ஊர்க் கடைக்குப் போனாலும் அதே பர்கர், அதே வேகம், அதே தரம். பர்கருக்கு முடியும்னா கண்ணுக்கு ஏன் முடியாதுன்னு கேட்டவர் அவர். பகட்டில்லாமல் வாழ்ந்த, ஸ்ரீ அரவிந்தர் பேரை ஆஸ்பத்திரிக்கு வச்ச ஒரு மனுஷர் பர்கர் கடையில் ப்ராசஸ் டிசைன் பார்த்தார் என்பது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1993-லேயே ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் இவங்களைப் பற்றி கேஸ் ஸ்டடி எழுதிட்டாங்க. உலகத்து எம்.பி.ஏ. பசங்க படிக்கிறாங்க. மதுரையிலிருந்து ரெண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற நம்ம சிலபஸில் ஒரு வரி கிடையாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். என் ரூம்மேட் கேட்டான்: "மச்சி, மனுஷனை கன்வேயர் பெல்ட்ல ஏத்துற மாதிரி இருக்கே? ஏழைன்னா வேகமா முடிச்சு அனுப்பிடலாமா?" எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, காசு கொடுக்கிறவங்களுக்கும் கொடுக்காதவங்களுக்கும் ஆபரேஷன் செய்றது அதே சர்ஜன்கள்தான், மாறி மாறி ரெண்டு பக்கமும் போவாங்க. தனி ரூமா, பாயா என்பதில்தான் வித்தியாசம். கட்டுறவங்க கட்டுற காசில் மத்தவங்க செலவு ஓடுது. ரெண்டு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ற கை பழகின கை. ஆபரேஷனுக்குப் பிந்தைய கிருமித்தொற்று போன்ற சிக்கல்களை பிரிட்டன் கணக்கோடு ஒப்பிட்டு வெளியிட்டிருக்காங்க. இங்கே நிலைமை அங்கேவிட மோசமில்லை. ப்ரொடக்‌ஷன் லைனில் ஒவ்வொரு டிஃபெக்டையும் எண்ணி எழுதி வைக்கிற பழக்கம் தரத்தைக் கெடுக்காது, காப்பாத்தும். ரூம்மேட் மெக்கானிக்கல், அதனால் இதை உடனே ஒத்துக்கிட்டான்.

அடுத்த பாட்டில்நெக் லென்ஸ். இதில் ஒரு குட்டிக் கதை இருக்கு. ரெண்டாம் உலகப் போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள்ளே விமானத்தின் மூடியிலிருந்து தெறிச்ச பிளாஸ்டிக் துண்டுகள் கிடந்தும் கண் வீங்காமல் இருந்ததைக் கவனிச்சார் ஹெரால்டு ரிட்லி என்ற லண்டன் கண் டாக்டர். அதே பிளாஸ்டிக்கில் லென்ஸ் செஞ்சு 1949 நவம்பரில் ஒரு நோயாளியின் கண்ணில் வச்சார். அந்த பிளாஸ்டிக் பி.எம்.எம்.ஏ. நம்ம லேப்ல லேசர் கட்டர்ல வெட்டுற அக்ரிலிக் ஷீட்டும் அதே குடும்பம்தான்.

அதுக்கு முன்னாடி, அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் நம்ம ஊரில், மங்கின லென்ஸை எடுத்துட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவாங்க. ப்ளஸ் பத்து பவர் பக்கம் இருக்கும். எல்லாம் கால் பங்கு பெரிசாத் தெரியும், ஓரம் வளையும். வயலில் வேலை செய்ற ஒருத்தருக்கு அந்தக் கண்ணாடி உடைஞ்சா திரும்பவும் குருடு. கண்ணுக்குள்ளே வைக்கிற லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வரணும், ஒண்ணு நூறு டாலர் அளவில் விலை. ஏழை நாட்டுக்கு இந்த ஆடம்பரம் எதுக்குன்னு பேசினவங்களும் இருந்தாங்க. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி அதே தரத்தில் பத்து டாலர் பக்கம் கொண்டு வந்தாங்க, பிறகு இன்னும் கீழே. இப்போ அது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகுது. "கோர்ல வேலை எங்கே இருக்கு"ன்னு கேட்கிற நம்ம பேட்ச்ல எத்தனை பேருக்கு மதுரையில் கண் லென்ஸ் ஃபேக்டரி இருக்குன்னு தெரியும்? எனக்கு இந்தக் கட்டுரைக்கு உட்காரும் வரை தெரியாது.

சரி, சர்ஜன் இருக்கார், லென்ஸ் இருக்கு, ஆபரேஷன் இலவசம். கூட்டம் அள்ளணும்தானே? அள்ளல. முகாமுக்கு வந்து, ஆபரேஷன் செய்யணும்னு சொன்ன பிறகும் நிறைய பேர் வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்க. இதைத்தான் என் அப்பத்தாவோட சேர்த்து வச்சுப் பாருங்க.

வெங்கடசாமி இதைக் 'கிராமத்து ஜனங்களோட அறியாமை'ன்னு சொல்லித் தாண்டிப் போகல. 1981-லேயே, தென்னிந்தியக் கிராமத்துக்காரங்க கண்புரை ஆபரேஷனுக்கு ஏன் வர்றதில்லைன்னு சமூக, பொருளாதாரக் காரணங்களைத் தேடி இன்னொருத்தரோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை போட்டார். இலவசம்னு சொன்னாலும் பஸ் காசு யார் தருவா? சாப்பாடு? கூட வர்ற ஆளோட கூலி போச்சே? வீட்டில் மாட்டை யார் பார்த்துக்கிறது? வயசானா கண்ணு மங்கத்தானே செய்யும், இருந்துட்டுப் போகட்டும். இப்படி. பிறகு 1991-ல் இன்னொரு ஆய்வு வெளியாச்சு. தென்னிந்தியக் கிராமங்களைப் பிரிச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணிலும் ஒவ்வொரு விதமாக மக்களைக் கூப்பிட்டுப் பார்த்தாங்க, மொத்தம் எட்டு விதம். நம்ம பாஷையில் ஏ/பி டெஸ்டிங். எது நல்லா வேலை செஞ்சது தெரியுமா? ஏற்கெனவே ஆபரேஷன் செஞ்சுக்கிட்ட ஒருத்தர் வீடு வீடாகப் போய்ப் பேசுறதும், ஆபரேஷன் மட்டுமில்லாமல் போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவையும் சேர்த்து ஏத்துக்கிறதும். அங்கே முகாமில் தேர்வானவங்களை ஆஸ்பத்திரி பஸ்ஸே மொத்தமாகக் கூட்டிட்டுப் போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டு வந்து விடுற முறை இப்படி யோசிச்சு வந்ததுதான். ஊர்க்காரங்க பத்துப் பேர் சேர்ந்து போறதால் தனித் துணைக்கு ஆள் தேவையில்லை.

அந்த வரியை வாசிச்சப்போ எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. எங்க ஊர் சுவரில் ஒட்டின நோட்டீஸில் 'இலவசம்'னு பெரிசா இருந்தது. துணைக்கு ஆள் வேணுமா வேண்டாமான்னு ஒரு வார்த்தை இல்லை. நான் கூடப் போகணும்னு கூட அவசியம் இருந்திருக்காது, விசாரிச்சு "தைரியமாப் போயிட்டு வா, ஊர்க்காரங்க எல்லாம் இருப்பாங்க"ன்னு சொல்லியிருந்தாலே போதும். அதுக்கு எந்த நியூரல் நெட்வொர்க் வேணும்?

இதை வச்சு 'டெக்னாலஜியே வேண்டாம்'னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. நானே ஈ.சி.இ. டெக்னாலஜி எங்கே போய் உட்காரணும் என்பதுதான் என் சண்டை. இதுக்கு நல்ல உதாரணமும் அவங்ககிட்டயே இருக்கு. 2004 வாக்கில் சின்ன ஊர்களில் பார்வை மையங்கள் ஆரம்பிச்சாங்க. அங்கே டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பரிசோதிச்சு, வீடியோவில் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரோட பேச வைப்பார். அப்போ தேனிப் பக்கக் கிராமங்களில் ப்ராட்பேண்ட் ஏது? கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆட்கள் சாதாரண வைஃபை கார்டையே நீண்ட தூரத்துக்கு வேலை செய்ய வச்சாங்க. வைஃபை நூறு மீட்டருக்குன்னு டிசைன் பண்ணது. பத்து கிலோமீட்டருக்கு மேல் போனா அக்னாலெட்ஜ்மென்ட் வர்றதுக்குள்ளே டைம் அவுட் ஆகி அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பும், லிங்க் படுத்துடும். அவங்க மேக் லேயரையே மாத்தி, ரெண்டு முனையும் முறை வச்சுப் பேசுற மாதிரி டி.டி.எம்.ஏ. ஆக்கினாங்க. செமஸ்டரில் இரண்டு மார்க் கேள்வியாகப் படிச்ச டி.டி.எம்.ஏ. தேனியில் ஒருத்தரோட கண்ணைக் காப்பாத்தியிருக்குன்னு யாராவது வகுப்பில் சொல்லியிருந்தா நான் கடைசி பெஞ்ச்ல தூங்கியிருக்க மாட்டேன். (தூங்கியிருப்பேன். ஆனா லேட்டாத் தூங்கியிருப்பேன்.) இப்போ அந்த மையங்கள் நூறைத் தாண்டிடுச்சு.

அதே மாதிரி ஏ.ஐ.க்கும் கண்ணுல சரியான இடம் இருக்கு, கண்புரையில் இல்லை. சர்க்கரை நோயால் விழித்திரையில் வர்ற பாதிப்பை எடுத்துக்கோங்க. கண்ணுக்குப் பின்னால் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்கள் கசியும், ஆனா ஆரம்பத்தில் நோயாளிக்கு ஒண்ணுமே தெரியாது. பார்வை மங்கும்போது பாதி வேலை முடிஞ்சு போயிருக்கும். வருஷா வருஷம் விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கணும், பார்த்துச் சொல்ல விழித்திரை நிபுணர்கள் போதாது. இங்கேதான் 'கண்டுபிடிக்கிறது' பாட்டில்நெக். 2016-ல் கூகுள் ஆட்கள் 1,28,175 விழித்திரைப் படங்களை வச்சு ட்ரெயின் பண்ண மாடல் பற்றிய கட்டுரை வந்தது. அதில் அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் பங்கு. ஆனா அதையே தாய்லாந்தில் 11 கிளினிக்குகளில் வச்சுப் பார்த்தப்போ, ஐந்தில் ஒரு பங்கு படங்களை 'தரமில்லை'ன்னு சிஸ்டம் திருப்பி அனுப்பிடுச்சு. காரணம், ரூமில் வெளிச்சம் சரியில்லை. லேபில் 96 சதவீதம் வாங்கினவங்க எல்லாரும் இதைக் கவனிக்கணும்.

க்ளாக்கோமாவும் அப்படித்தான், கண் நீர் அழுத்தம்னு சொல்வாங்க. ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்னும், போன பார்வை திரும்ப வராது. வீட்டில் யாருக்காவது இருந்தால் நீங்களும் செக் பண்ணிக்கணும். சின்னக் குழந்தைகளுக்கு ஒரு கண்ணில் மட்டும் பவர் இருந்து கவனிக்காமல் விட்டால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிடும், சின்ன வயசுக்குள் பிடிக்கணும். கண் ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு நோய்க்கும் மாட்டிக்கிற இடம் வேற. ஒண்ணுக்குக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், இன்னொண்ணுக்கு விலை, இன்னொண்ணுக்கு பஸ். நாம எல்லாத்துக்கும் கண்டுபிடிக்கிற ஆப் மட்டுமே செய்றோம். ஏன்னா டேட்டாசெட் அதுக்குத்தான் இருக்கு. வெளிச்சம் இருக்கிற இடத்தில் சாவியைத் தேடுறவன் கதைதான்.

ஜூனியர்ஸ், அடுத்த ஜூலையில் உங்களுக்கும் தலைப்பு கேட்பாங்க. டேட்டாசெட் தேடுறதுக்கு முன்னாடி ஒரு வாரம் அந்த நோயோட இருக்கிற ஒருத்தர் பக்கத்தில் போய் உட்காருங்க. துறைத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தலைப்புக்கு நாலு நாள் கொடுக்காதீங்க, ஆறாவது செமஸ்டரிலேயே கேளுங்க. அக்யூரசி எவ்வளவுன்னு கேட்கிற பேனல், 'இதை யார் உங்ககிட்ட கேட்டாங்க'ன்னும் ஒரு கேள்வி கேட்கட்டும்.

எங்க ப்ராஜெக்ட் என்னாச்சுன்னு கேட்பீங்க. கைடுகிட்டப் போய் தலைப்பை மாத்தணும்னு கேட்டோம். யுனிவர்சிட்டி போர்ட்டலில் ஏத்தியாச்சு, மாத்த முடியாதுன்னுட்டாங்க. டீமில் ரெண்டு பேருக்கும் இஷ்டமில்லை, ரெஸ்யூமேயில் 'டீப் லேர்னிங்' இருக்கணுமாம். அதையும் தப்புன்னு சொல்ல முடியல, வீட்டில் எஜுகேஷன் லோன் இருக்கு. கடைசியில் மாடலை அப்படியே விட்டுட்டு ரிசல்ட் வர்ற ஸ்க்ரீனை மட்டும் மாத்தினோம். 0.98 எல்லாம் எடுத்தாச்சு. அடுத்த முகாம் எங்கே, பஸ் உண்டா, சாப்பாடு உண்டா, துணைக்கு ஆள் வேணுமா, உங்க ஊரில் ஏற்கெனவே ஆபரேஷன் செஞ்சுக்கிட்டவங்க யார் பேசத் தயாரா இருக்காங்க, இதைத் தமிழில் குரலாகச் சொல்லும். அந்தக் குரல் சித்தியோடது. 'பொறை'ன்னுதான் சொல்லும். செகண்ட் ரிவ்யூவில் 'புதுமை' கட்டத்தில் பத்துக்கு நாலு.

அப்பத்தாவுக்கு தை கடைசியில் ஆபரேஷன் ஆச்சு. ஆப் சொல்லிப் போகல. போன வருஷம் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட கீழத்தெரு ஆச்சி ஒருத்தர் வந்து "நானும் பயந்தேன்டி, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல, வா"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டார். பஸ்ல எங்க ஊர்க்காரங்க மட்டும் ஒன்பது பேராம். திரும்பி வந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு என் போனை வாங்கிப் பார்த்துச்சு. கேலரியில் அந்த டெமோ போட்டோ இருந்தது, 0.98 போட்டது.

"இது யாருய்யா இந்தக் கெழவி?"

"நீதான் அப்பத்தா."

ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அழிச்சிரு"ன்னு சொல்லிக் கொடுத்துருச்சு.

இடது கண்ணுக்குத் தேதி வந்திருக்கு. எங்க ஃபைனல் ரிவ்யூ அன்னைக்கேதான். பஸ்ஸுக்குத் துணை வேண்டாம்னு இப்போ எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் டீம்ல மத்த மூணு பேர்கிட்டயும் சொல்லிட்டேன், என் ஸ்லைடை நீங்களே பேசிடுங்கன்னு.